என் தம்பிக்குக் கன்னத்தைக் கிள்ளும் வயதில்லை

என் தம்பிக்கு அப்போது 24 வயது. ஒரு 15 வயதுப் பையன் குனிந்து அவன் கன்னத்தைக் கிள்ளி, "குட்டிக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எதுவும் சொல்லாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அந்தப் பையனையும் அவனோடு வந்த மற்ற 21 பிள்ளைகளையும் அங்கே கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். பதின்வயதில் இருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளோடு பழகினால் அவர்களை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி, ஒரு தன்னார்வத் திட்டத்தைத் தனியாளாகத் தொடங்கினேன். எட்டு மாதம், பதினொரு நாள் விடுப்பு, சேமிப்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம், எல்லாம் போயின. அவற்றைவிடப் பெரிதாக, என் தம்பி என்னிடம் பேசுவதை மூன்று வாரம் நிறுத்திவிட்டான். இதே ஆசையோடு இறங்க நினைக்கும் ஆசிரியரோ பெற்றோரோ அக்கா தங்கையோ யாராவது இருந்தால், நான் விழுந்த குழிகளையாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பெருமூளை வாதம், டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்பார்கள். மூளை வளரும் பருவத்தில் ஏற்பட்ட பாதிப்பு. அதனால் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இது தொற்றாது, மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் பெரிதாவதும் இல்லை. இது உள்ளவர்களில் பலருக்கு அறிவுத்திறனில் எந்தக் குறையும் கிடையாது, என் தம்பிக்கும் கிடையாது. ஆனால் வாய்த் தசைகளும் ஒத்துழைக்காததால் அவன் பேச்சு பழகியவர்களுக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களோடு பேச எழுத்துப் பலகை வைத்திருக்கிறான். 247 எழுத்தும் ஒரு பலகையில் அடங்காது என்பதால் 12 உயிரும் 18 மெய்யும் மட்டும் எழுதியிருக்கும். 'க்' தொட்டு 'ஆ' தொட்டால் எதிரில் இருப்பவர் 'கா' என்று சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு சின்ன வாக்கியத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் காத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு காலால் தரையை உந்திக்கொண்டு கொஞ்ச தூரம் தானே போவான். பகலில் அவனைப் போன்ற இருபது பேர் வரும் ஒரு மையத்துக்குப் போய் வருகிறான்.

வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது அவனை அதிகம் காயப்படுத்தியவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள்தான். சிறு குழந்தைகள் வெறுமனே பார்ப்பார்கள், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த வயதுக்காரர்கள் கூட்டமாக இருந்தால் அவன் குரலைப் போலச் செய்து காட்டுவார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவனைப் போன்ற ஒருவரோடு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பழகும் வாய்ப்பு அவர்களுக்கு வந்ததே இல்லை. சரி, அந்த வாய்ப்பை நாமே ஏற்படுத்திக் கொடுப்போம் என்று ஒரு பள்ளியில் பேசினேன். சமூக சேவை மணிநேரச் சான்றிதழ் தேவைப்படும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். 14 முதல் 17 வயது வரை 22 பேர். வண்டி ஏற்பாடு செய்தேன், ஒரே நிறச் சட்டை தைத்துக் கொடுத்தேன், மையத்தில் இருப்பவர்களுக்குப் பரிசுப் பொருட்கள் வாங்கினேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. மையத்துக்கு வரும் அந்த இருபது பேரில் ஒருவரிடமும், என் தம்பியிடம்கூட, "இப்படிச் சிலரைக் கூட்டி வரட்டுமா?" என்று கேட்கவே இல்லை. நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினேன், அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் எப்படிப் போனது என்று இப்போது யோசித்தால் அந்த அறையின் அமைப்பிலேயே எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் மையத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு, ஆட்டம், அப்புறம் பரிசு கொடுத்தல். கொடுப்பவர் நிற்கிறார், வாங்குபவர் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் கேமரா. 30, 40 வயதுக்காரர்களுக்கு வண்ணப் பென்சிலும் பொம்மையும் போய்ச் சேர்ந்தன, வாங்கியது நான்தான். கன்னத்தைக் கிள்ளிய பையன் அடுத்து, உதவி செய்யும் ஆர்வத்தில், கேட்காமலே தம்பியின் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினான். தம்பியின் கால் தரையில் இருந்தது. கட்டைவிரல் கால்மிதிக்கு அடியில் சிக்கி நகம் பெயர்ந்துவிட்டது. இதை ஒரு தடவை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: சக்கர நாற்காலி என்பது அதில் இருப்பவருடைய உடம்பின் ஒரு பகுதி. கேட்காமல் அதைத் தொடுவது, தெருவில் போகும் ஒருவரை முதுகில் கைவைத்துத் தள்ளுவதற்குச் சமம். பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் இந்த ஒன்றை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கண்கட்டு. "மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையை உணர்ந்து பார்ப்போம்" என்று ஒரு பயிற்சி வைத்திருந்தேன். எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, மேசை நாற்காலிகளுக்கு நடுவே பத்து நிமிடம் நடக்க வைத்தேன். பிள்ளைகள் தடுமாறினார்கள், முட்டிக்கொண்டார்கள். துணியை அவிழ்த்ததும் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள், "இப்படி வாழ்றதுக்கு என்னால முடியவே முடியாது. அதுக்குச் செத்துடலாம்." அவளுக்கு மூன்றடி தள்ளி மையத்தின் கணினி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வையற்றவர். தனியாக வீடு எடுத்துத் தங்கி, தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருபவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் நல்ல மனசோடுதான் அழுதாள், எனக்குத் தெரியும். தப்பு என் பயிற்சியில் இருந்தது. பத்து நிமிடம் கண்ணைக் கட்டினால் தெரியவருவது, இருட்டில் திடீரென்று மாட்டிக்கொண்டவரின் பயம் மட்டுமே. கோல் பிடித்து நடக்கவும், கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் கேட்டுப் படிக்கவும், சத்தத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்ட ஒருவரின் வாழ்க்கை அதில் தெரியாது. ஏரியல் சில்வர்மன் என்ற உளவியல் ஆய்வாளர், அவரும் பார்வையற்றவர், இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள் என்று அவர் குழுவின் ஆய்வு காட்டியது. இதை நான் படித்தபோது எல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

இரண்டாவது முறை போனபோது நடந்தது இன்னும் மோசம். மையத்துக்கு வரும் ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. தண்ணீரைக்கூடக் கெட்டிப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். தாகம் என்று அவர் சைகை காட்ட, ஒரு மாணவி பரிவோடு தன் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றிவிட்டாள். புரை ஏறி முகம் நீலமானது. பராமரிப்பாளர் ஓடி வந்து முன்னால் சாய்த்துப் பிடித்து, மூச்சு சீராவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த மாணவி அதன்பிறகு வரவே இல்லை. அவள் மேல் என்ன தப்பு? ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, கழிப்பறைக்கு உதவுவது, மருந்து கொடுப்பது இவை எல்லாம் பயிற்சி பெற்றவர்களின் வேலை, தன்னார்வப் பிள்ளைகள் செய்யக் கூடாது என்று நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இது அந்த இருபது பேரின் பாதுகாப்புக்காக மட்டும் அல்ல, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும்தான். யாரும் யாரோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, பெரியவர்கள் இரண்டு பேராவது கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே ஒரு படம் கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. என் தம்பி, வாயோரம் எச்சில் வழிய, பொம்மையைப் பிடித்துக்கொண்டு. கீழே, "நம் கவலைகள் எல்லாம் கவலையே இல்லை என்று புரிந்த நாள்." ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பி வாழ்த்துச் சொன்னார்கள். ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014இல் ஒரு மேடையில் இதைப் பற்றித்தான் பேசினார். தங்கள் வாழ்க்கை எவ்வளவு மோசமானாலும் இவரைப் போல் இல்லையே என்று மற்றவர்கள் ஆறுதல் அடைவதற்காக மாற்றுத்திறனாளிகளை ஒரு பொருளாகப் பயன்படுத்துகிறார்கள் என்றார். என் தம்பி படத்தைப் பார்த்தான். பலகையை எடுத்து வைக்கச் சொன்னான். ந், ஆ, ன். பதினைந்து முறை விரல் நகர்ந்தது. "நான் கண்காட்சி இல்லை." அதோடு பலகையைத் தள்ளிவிட்டான். மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

எனக்கு இன்னொரு அடியும் தேவைப்பட்டது. பிள்ளைகளிடம் கருத்துப் படிவம் வாங்கியிருந்தேன். "எனக்கு எல்லாம் கொடுத்த கடவுளுக்கு நன்றி", "பாவம், அவர்களைப் பார்த்து மனம் உருகியது", "இனி எதற்கும் குறை சொல்ல மாட்டேன்". படிக்கும்போது கண் கலங்கியது, திட்டம் வெற்றி என்றே நினைத்தேன். பெருமையோடு கணினி ஆசிரியைக்கு வாசித்துக் காட்டினேன். 22 படிவங்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார், "இதுல நாங்க எங்கம்மா இருக்கோம்? எல்லாரும் அவங்களைப் பத்தித்தானே எழுதியிருக்காங்க. ஒருத்தர் பேராவது ஒரு படிவத்துல இருக்கா?" தேடிப் பார்த்தேன். இல்லை. ஒரு பெயர்கூட இல்லை. அதற்குப் பிறகும் பிடிவாதமாக ஆறு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 22 பேர் ஒன்பது பேர் ஆனார்கள். சான்றிதழுக்கான மணிநேரம் முடிந்ததும் அந்த ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். மையத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் வந்து நின்று, "அந்த அக்கா வருமா?" என்று இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். போய்விடும் பிள்ளைகள் என்றைக்குப் போவார்கள் என்பதை முதலிலேயே இரண்டு பக்கமும் சொல்லி, கடைசி நாளில் முறையாக விடைபெற வைக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். வாசலில் நிற்பவருக்கு அது சின்னதில்லை.

எல்லாம் நின்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பழகினாலே வெறுப்பு போய்விடும் என்று நான் நினைத்தது பாதி உண்மைதான். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதியிருக்கிறார்: பழக்கம் பலன் தர நான்கு விஷயங்கள் வேண்டும். இரு தரப்பும் சமமான இடத்தில் இருக்க வேண்டும், ஒரு பொது இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். பிற்பாடு பெட்டிகுரூ, ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். இந்த நான்கும் இல்லாவிட்டாலும் பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, ஆனால் இவை இருக்கும்போது பலன் கூடுகிறது என்று கண்டார்கள். என் திட்டத்தில் சமமும் இல்லை, பொது இலக்கும் இல்லை. ஒரு பக்கம் கொடுத்தது, இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டது. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவானது. அறிவுசார் குறைபாடு உள்ள அக்காவோடு வளர்ந்தவர் அவர். 1962இல் தன் வீட்டுத் தோட்டத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். பள்ளி, கல்லூரி மாணவர்கள்தான் தன்னார்வலர்கள். அங்கே நீச்சல் உண்டு, பந்து உண்டு, எல்லோரும் சேர்ந்து விளையாடினார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் 1968இல் சிகாகோவில் தொடங்கிய, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ். இன்றைக்கு அதிலேயே குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் போட்டிகள் நடக்கின்றன. ஒரே அணி. தோற்றால் எல்லோரும் தோற்கிறார்கள். என் அறையில் அது இல்லை.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றேன். இரண்டு நாள் கழித்துப் பலகையில் சொன்னான்: "படி. அளக்கலாம்." எனக்குப் புரியவில்லை. பொறுமையில்லாமல் ஊகித்தேன், எல்லாம் தப்பு. அவன் சொன்னது மாடிப்படி, வாசல்படி. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடத்துக்குள் நாற்காலியோடு போகலாம், எதற்குள் போக முடியாது என்று ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். இந்த வேலையில் யாருக்கு அதிகம் தெரியும்? அவனுக்கும் கணினி ஆசிரியைக்கும்தான். எந்த வாசலில் எத்தனை படி, எந்த நடைபாதையில் கம்பம் நடுவில் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்குக் குனிந்து அளக்கவும், கணக்குப் போடவும், படம் வரையவும் முடியும். இரு தரப்புக்கும் மற்ற தரப்பு தேவை. பள்ளிக்கு மறுபடி கடிதம் எழுதினேன். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8ஆவது பிரிவு, கல்வியின் எல்லா நிலைகளிலும் சிறுவயதிலிருந்தே அவர்களின் உரிமைகளை மதிக்கும் மனப்பாங்கை வளர்க்கச் சொல்கிறது என்பதையும் குறிப்பிட்டேன். இந்த முறை 22 பேர் வேண்டாம், ஆறு பேர் போதும், சான்றிதழ் கிடையாது, ஆனால் நான்கு மாதம் வாரம் தவறாமல் வர வேண்டும் என்றேன். ஆறு பேர் வந்தார்கள். அதில் கன்னத்தைக் கிள்ளிய பையனும் இருந்தான். அவனை வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். தம்பி, வரட்டும் என்றான்.

முதல் நாள் பயிற்சியை நான் நடத்தவில்லை, அவர்களே நடத்தினார்கள். கணினி ஆசிரியை, பார்வையற்றவரோடு எப்படி நடப்பது என்று காட்டினார். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "வரீங்களா?" என்று கேட்டு நம் முழங்கையை நீட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். நாம் அரை எட்டு முன்னால் நடக்க வேண்டும். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்புறம் தம்பியின் முறை. எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வயதில் பெரிய பயமே தப்பாக ஏதாவது கேட்டுவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயத்தில் விலகிப் போவார்கள், நாம் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வோம். கடைசியில் அந்தப் பையன்தான் கேட்டான், "ஏன் எச்சில் வடியுது?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி நிதானமாக விரலை நகர்த்தினான்: "விழுங்க மறக்கிறது தொண்டை. துடைத்தால் சரி." ஒரு நொடி அமைதி. அப்புறம் பையன் இன்னொன்று கேட்டான், இன்னொருத்தி கேட்டாள், ஒன்றரை மணி நேரம் போனது. கேட்கப்படுகிறவர் மனசார ஒப்புக்கொண்டிருந்தால், இப்படி ஒரு கேள்வி நேரம் பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேல். ஆனால் ஒப்புதல் இல்லாமல் யாரையும் இப்படி உட்கார வைக்காதீர்கள், எல்லோருக்கும் அது பிடிக்காது.

பேசும் முறைக்குத் தம்பி இரண்டே விதி வைத்தான். ஒன்று, வாக்கியத்தை நான் முடிக்கும்வரை நீ முடிக்காதே. இரண்டு, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், புரிந்ததுபோல் தலையாட்டாதே. இந்த இரண்டாவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். பேச்சுத் தெளிவில்லாதவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவது மரியாதை என்று நினைக்கிறோம். அது அவர் பேசியதைக் குப்பையில் போடுவது. பெயர் சொல்லும் விதத்தையும் சரிசெய்தோம். தன்னைவிடப் பெரியவர் என்றால் அண்ணா, அக்கா. குட்டி, செல்லம், பாப்பா எதுவும் கிடையாது. "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்ததுமே குரல் மாறிவிடுவதைக் கவனித்தேன். ஒருவரை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டுக் கன்னத்தைக் கிள்ள முடியாது.

அளக்கப் போனோம். படிக்குப் பதிலாக நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்துக்குப் பல நாடுகளில் பின்பற்றும் அளவு 1:12. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயர 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். கதவின் திறப்பு குறைந்தது 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நாற்காலி முழுசாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். மூன்றாவது வாரம் ஒரு நூலகத்துக்குப் போனோம். முன்வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படிகள். "பின்னால சாய்தளம் இருக்கு" என்றார்கள். போய்ப் பார்த்தால் அதே 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் நீளம்தான் இருந்தது. பையன் கணக்குப் போட்டான். ஐந்து மீட்டர் நாற்பது இருக்க வேண்டும். நம்பாமல் காலி நாற்காலி ஒன்றைத் தள்ளிப் பார்த்தான், முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. உள்ளே மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் துடைப்பமும் வாளியும் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பையனுக்குக் காது சிவந்துவிட்டது. "இதை யாரு கட்டுனது? அண்ணா எப்படி உள்ள வருவாங்க? அவங்களுக்குப் புத்தகம் படிக்க வேண்டாமா?" என்று நூலகத்தின் வாசலில் நின்று சத்தம் போட்டான். எட்டு மாதம் நான் வரவழைக்கப் பார்த்தது அந்த நிமிடம் வந்தது. முந்தைய வருடம் இதே பையனுக்கு என் தம்பியைப் பார்த்துப் பரிதாபம் வந்தது. இப்போது படிக்கட்டைப் பார்த்துக் கோபம் வருகிறது. குறை தம்பியிடம் இல்லை, கட்டியவர்களிடம் இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். இதை நான் வாயால் சொல்லியிருந்தால் இப்படி இறங்கியிருக்காது.

சண்டையும் வந்தது. ஐந்தாவது வாரம் அந்தப் பையன் ஒரு கதவை வெளிச்சட்டத்தோடு சேர்த்து அளந்துவிட்டான், திறப்பை மட்டும் அளந்திருக்க வேண்டும். தம்பி கண்டுபிடித்து, அன்று எடுத்த எல்லாவற்றையும் திரும்ப அளக்கச் சொன்னான். பையன் முடியாது என்றான், தம்பி விடவில்லை. பலகையில் 'சோம்பேறி' என்று எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டினான். நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் போனேன். கணினி ஆசிரியை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடும்மா. உன் தம்பியோட இதுவரைக்கும் யாராவது சண்டை போட்டிருக்காங்களா?" இல்லை. இத்தனை வருடத்தில் அவனோடு பழகியவர்கள் எல்லோரும் இதமாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் அவனைச் சண்டை போடும் அளவுக்குச் சமமாக நினைத்ததில்லை. அக்காவான நான்கூட.

எதிர்பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரில் ஒரு பெண் எப்போதும் எனக்கு வலப்பக்கமாகவே உட்காருவாள். பத்தாவது வாரம் அவள் தலைமுடியை ஒதுக்கி, இடது காதில் இருந்த கேட்கும் கருவியைக் காட்டினாள். வகுப்பில் யாருக்கும் தெரியாது, நான்கு வருடமாக முடியை விரித்துப் போட்டே மறைத்து வந்திருக்கிறாள். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு, ஏறக்குறைய 130 கோடிப் பேருக்கு, குறிப்பிடத்தக்க ஏதோ ஒரு குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை அதற்கு முன்பே படித்திருக்கிறேன். ஆனால் 'அவர்கள்' ஒரு பக்கம், 'தன்னார்வலர்கள்' மறுபக்கம் என்றே பிரித்து வைத்திருந்தேன். உங்கள் குழுவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். "இவர்களைப் பார்த்துப் பாவப்படுங்கள்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது.

எல்லாப் பிள்ளைகளும் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவன் மூன்றாவது வாரமே நின்றான். மையத்தில் சிலர் எழுப்பும் சத்தம் தாங்கவில்லை என்றான். நான் வற்புறுத்தவில்லை. விருப்பமில்லாமல் இழுத்துவரப்பட்ட பிள்ளை வெறுப்போடுதான் திரும்பும், அந்த வெறுப்பு போய் விழுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல். சான்றிதழ் கொடுப்பது தப்பில்லை, ஆனால் அதற்காக மட்டும் வருபவரை முதல் இரண்டு வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செலவைப் பொறுத்தவரை, இரண்டாவது முறைக்கு எனக்கு ஆனது மூன்று அளவு நாடாவும் வரைபடத்தாளும்தான். சட்டை, பரிசு, வண்டி எதுவும் தேவைப்படவில்லை. படம் எடுப்பதை முழுசாக நிறுத்தினோம். நான்கு மாதம் கழித்துத் தம்பியே கேட்டு ஒரு படம் எடுத்தார்கள். அதில் அவன் அளவு நாடாவைப் பிடித்திருக்கிறான், எச்சில் வழிகிறது, யாரும் அதைத் துடைத்துவிட்டு எடுக்கவில்லை. அதை அவன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வரைபடத்தில் இதுவரை 61 கட்டடங்கள் வந்திருக்கின்றன. திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். போன வாரம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தப் பையன். இப்போது 17 வயது, என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். "அக்கா, அண்ணா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். "த், அ, ப், ப், உ... தப்பா? எதுண்ணா தப்பு? ரெண்டு தடவை அளந்தேன்!"